செகண்ட் ஹேண்ட் செயின்சா வாங்கப் போறீங்களா? விலை பேசும் முன் இதெல்லாம் செக் பண்ணுங்க!

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த அன்று மாலை, காற்று ஓய்ந்த பிறகு கதவைத் திறந்த பலருக்குத் தெருவே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் மரம். ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்திருந்தன. கார் மேல், காம்பவுண்டு சுவர் மேல், கேட்டுக்குக் குறுக்கே என எங்கே பார்த்தாலும் கிளைகள். கரண்ட் வர சில பகுதிகளில் நாள்கணக்கில் ஆனது. பெரிய சாலைகளைத் திறக்கவே நேரம் போதாதபோது, உள் தெருக்கள் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

அப்படி ஒரு நாளைப் பார்த்தவர்களுக்கு, "வீட்டுல ஒரு மரம் அறுக்கிற மெஷின் இருந்தா நல்லா இருக்குமே" என்று தோன்றுவது இயல்பு. ஆனால், வருஷத்துக்கு இரண்டு முறை எடுக்கப்போகிற பொருளுக்குப் பெரிய தொகை போடவும் மனசு வராது. அடுத்து கை போவது செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களுக்குத்தான்.

வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் ஒரே ஒரு விதி இருக்கிறது. இன்ஜினில் கோளாறு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பாதுகாப்பு பாகங்களில் கோளாறு இருந்தால் விலையே பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். ஏன் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்களுக்கு இது தேவையா?

கோடம்பாக்கத்தில் ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு பழைய தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். காம்பவுண்டுக்குள் ஒரு வேம்பு, ஒரு முருங்கை, பின்பக்கம் ஒரு தென்னை. காய்ந்த கிளையை நறுக்குவது, விழுந்த கொப்பைத் துண்டு போடுவது, பழைய சாரப் பலகைகளை அறுப்பது. வேலை இவ்வளவுதான் என்றால், சின்ன செயின்சா உதவும்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு, சொந்தமாக வாங்குவதைவிட தேவைப்படும்போது ஆள் கூப்பிடுவதுதான் லாபம். வாங்கினாலும் அசோசியேஷன் சார்பில் ஒன்று, அதைக் கையாளத் தெரிந்த ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் முக்கியம். மெஷின் கையில் இருக்கிறது என்பதற்காக நிற்கிற மரத்தை வெட்டிவிட முடியாது. தெருவோர மரம் மாநகராட்சியுடையது. அதைத் தொடவே கூடாது. காம்பவுண்டுக்குள் இருக்கும் மரமானாலும் வெட்டுவதற்கு முன் மாநகராட்சியிடம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. கோடம்பாக்கம், சென்னை மாநகராட்சியின் 10-வது மண்டலம். உதவி எண் 1913. மின்கம்பியில் மரம் சாய்ந்திருந்தால் செயின்சாவை எடுக்கவே எடுக்காதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு முதலில் அழையுங்கள்.

எந்த சைஸ் போதும்?

ஆன்லைனில் முதலில் கண்ணில் படுவது 58 சிசி, 22 இன்ச் என்று பெரிய எழுத்தில் போட்ட, பெயர் தெரியாத பிராண்டு மெஷின்கள். புதுசே பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். "இவ்வளவு பெரிய மெஷின் இவ்வளவு கம்மி விலைக்கா!" என்று ஆசை வரும். வீட்டு வேலைக்கு அது தேவையில்லை. எடை கூடினால் கை சீக்கிரம் சோர்ந்துபோகும். சோர்ந்த கையில்தான் விபத்து நடக்கும்.

வீட்டுக்கு 30 முதல் 40 சிசி, 12 முதல் 16 இன்ச் பார் போதும். பார் என்பது செயின் சுற்றி ஓடும் அந்த நீளமான தகடு. ஒப்பீட்டுக்கு, வீட்டு உபயோகத்துக்கு உலகம் முழுக்க விற்கும் ஜெர்மனியின் ஸ்டில் நிறுவன மாடல்களான எம்எஸ் 170-ல் இருப்பது 30.1 சிசி இன்ஜின், எம்எஸ் 180-ல் 31.8 சிசி. பார், செயின் இல்லாமல் எடை சுமார் 4 கிலோ. இந்த ரகத்தில் புதுசு வாங்க, பெயர் தெரியாத மெஷினைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். அதனால்தான் செகண்ட் ஹேண்டில் தேடத் தகுந்தது இந்த ரகம். பத்து வருஷம் ஆன மாடலுக்கும் ஸ்பேர் கிடைக்கிற பிராண்டா என்பதுதான் கேள்வி. பெயரில்லாத மெஷினுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பெரிய பிராண்டுகளின் நிறத்தையும் எழுத்தையும் காப்பியடித்த போலிகளும் சந்தையில் உண்டு. சீரியல் எண் பாடியில் பொறிக்கப்பட்டிருக்கிறதா, ஸ்டிக்கர் எழுத்தில் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால், படம் எடுத்து அந்த பிராண்டின் டீலரிடம் காட்டலாம்.

பெட்ரோலா, கரண்டா, பேட்டரியா?

கரண்டில் ஓடும் செயின்சா விலை குறைவு, பராமரிப்பும் குறைவு. கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோல் வாசனை கிடையாது. வீட்டுக்குள் பலகை அறுக்க அதுவே போதும். ஆனால், புயலுக்கு மறுநாள் கரண்ட் இருக்காது. ஈரத்தில் ஒயரை இழுத்துக்கொண்டு வேலை பார்ப்பதும் ஆபத்து.

கையடக்க பேட்டரி மினி மெஷின்கள் முருங்கைக் கொப்பு வெட்ட சரி. அவற்றில் பெரும்பாலும் செயின் பிரேக் இருக்காது என்பதை மறக்க வேண்டாம். செகண்ட் ஹேண்டில் பேட்டரி மெஷின் வாங்குவது, பழைய போன் வாங்குவது மாதிரி. பேட்டரி போயிருந்தால் மிச்சமிருப்பது வெறும் பிளாஸ்டிக்.

ஆக, விழுந்த மரத்தைத் துண்டு போடும் வேலைக்கு பெட்ரோல் மெஷின்தான். இதன் உள்ளே இருப்பது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். டிவிஎஸ் 50, ஆர்எக்ஸ் 100 ஓட்டிய அப்பாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றணும். அந்தக் காலத்து வண்டிகளைப் பிரித்து மாட்டிய டூவீலர் மெக்கானிக் ஒருவர் உங்கள் ஏரியாவில் இன்னும் இருந்தால், பிஸ்டன், ரிங், பிளக் வேலைகளை அவரால் புரிந்துகொள்ள முடியும்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வண்டியின் கார்புரேட்டரில் மிதவை இருக்கும், அதனால் நிமிர்ந்து நின்றால்தான் ஓடும். செயின்சாவைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்க வேண்டும் என்பதால், அதில் மிதவைக்குப் பதில் டயாஃப்ரம் என்ற மெல்லிய ஜவ்வு இருக்கும். பழைய செயின்சா ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் இந்த ஜவ்வும் ஒன்று.

எங்கே தேடலாம்?

பாரிமுனை பக்கம் லிங்கி செட்டி தெரு மாதிரியான மெஷினரி கடைத்தெருக்களில் விசாரிக்கலாம். விவசாயக் கருவிகள் விற்கும் டீலர்களிடம், பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கியவர்கள் விட்டுச் சென்ற மெஷின் இருக்கலாம். சர்வீஸ் செய்து கொடுப்பதால் இங்கே விலை கொஞ்சம் கூடும், ஆனால் பிரச்சினை வந்தால் திரும்பிப்போக ஒரு கடை இருக்கிறது.

ஆன்லைன் விளம்பரங்கள் மாநிலம் முழுவதிலிருந்தும் வரும். "வீட்டு யூஸ்தான் சார், ரெண்டு தடவைதான் எடுத்தோம்" என்ற வாக்கியம் எல்லாவற்றிலும் இருக்கும். அதை மெஷினிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம், தொழிலுக்கு ஓடிய மெஷினின் கதையே வேறு. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகளே சாய்ந்தன. அப்போது தமிழக அரசு அறிவித்த நிவாரணம் மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய். மரத்துக்கான தொகையும் அதை அறுக்கும் செலவும் கிட்டத்தட்ட சமம் என்றால், அறுக்கும் வேலை எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு சீசனில் காலை முதல் மாலை வரை ஓடிய மெஷினுக்கு பெயின்ட் அடித்தால், வெளியே புதுசாகத்தான் தெரியும்.

சென்னை மெஷினாக இருந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வெள்ளம் கீழ்த்தளங்களில் புகுந்தபோது இது எங்கே இருந்தது? ஸ்டார்ட்டர் கவருக்குள் காய்ந்த சேறு, மப்ளரில் துரு, அலுமினிய பாகங்களில் வெள்ளைப் பொடி தெரிந்தால், தண்ணீரில் நின்ற மெஷினாக இருக்கலாம்.

நேரில் போனதும் செய்ய வேண்டிய 8 டெஸ்ட்

1. இன்ஜின் சூடா? நீங்கள் போகும் முன்பே ஓட்டி வைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். பழைய பைக் வாங்கும்போது பார்ப்பதுபோலத்தான். கோல்ட் ஸ்டார்ட்டில்தான் உண்மை தெரியும்.

2. கம்ப்ரஷன். ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினை மெதுவாகத் தொங்கவிடுங்கள். நல்ல இன்ஜின் என்றால் விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி இறங்கும். சரசரவென்று இறங்கினால் ரிங் தேய்ந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் கேஜ் இருந்தால் பிளக் துளையில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். 150 பிஎஸ்ஐ பக்கம் வந்தால் சந்தோஷம், 120-க்குக் கீழே போனால் யோசிக்கணும்.

3. பிஸ்டன். மப்ளரைக் கழற்ற இரண்டு மூன்று போல்ட்தான். கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். வழவழப்பாக இருந்தால் சரி. நெடுக்காகக் கீறல்கள் இருந்தால், ஆயில் கலக்காமல் யாரோ ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த டெஸ்டுக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

4. செயின் பிரேக். முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் தடுப்பை முன்னால் தள்ளினால் செயின் அப்படியே பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு மெஷினைத் தரையில் அழுத்திப் பிடித்து ஓடவிட்டு, அதே தடுப்பைத் தள்ளச் சொல்லுங்கள். செயின் உடனே நிற்கணும்.

5. ஐடிலிங். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது செயின் நகரவே கூடாது. நகர்ந்தால் ஸ்க்ரூவைத் திருப்பி சரி செய்ய முடிகிறதா என்று பார்க்கணும். முடியவில்லை என்றால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கலாம்.

6. செயின் ஆயில். பார் முனையை ஒரு அட்டைப்பெட்டிக்கு எதிரே, தொடாமல் காட்டி ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால், சில நொடிகளில் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் பம்ப் அடைத்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பாரும் செயினும் சீக்கிரமே காலி.

7. ஸ்ப்ராக்கெட், பார். செயினைச் சுழற்றும் பல் சக்கரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்றியாக வேண்டும். பாரின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வெட்டு கோணலாகப் போகும். "ரெண்டு தடவைதான் எடுத்தோம்" என்பது உண்மையா பொய்யா என்று சொல்வது இந்த இரண்டு பாகங்கள்தான்.

8. சின்ன பாகங்கள். பின்கைப்பிடியின் மேல் இருக்கும் லாக்கை அழுத்தாமல் ஆக்ஸிலரேட்டர் வேலை செய்யக் கூடாது. ஸ்டாப் ஸ்விட்ச் ஒரே தட்டில் இன்ஜினை நிறுத்தணும். செயின் அறுந்தால் பிடிக்கும் செயின் கேச்சர், கைக்கு அதிர்வு வராமல் தடுக்கும் ரப்பர் அல்லது ஸ்பிரிங் எல்லாம் இருக்கணும்.

எதற்கு விலை குறைக்கலாம், எதற்கு வேண்டாம் என்று சொல்லணும்?

சில நூறு ரூபாயில் முடிவது: ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் டேங்கில் கிடக்கும் ஃபில்டர், விறைத்துப்போன ஃப்யூயல் டியூப், ஸ்டார்ட்டர் கயிறு, கார்புரேட்டர் டயாஃப்ரம் கிட். "ஆறு மாசமா ஸ்டார்ட் ஆகலை" என்று விற்கப்படும் மெஷினில் கம்ப்ரஷனும் பிஸ்டனும் நன்றாக இருந்தால், அது உண்மையிலேயே நல்ல டீலாக இருக்கலாம்.

கணக்கில் சேர்க்க வேண்டியது: புது செயின், பார், ஸ்ப்ராக்கெட். மூன்றும் தேய்ந்திருந்தால் அந்த மொத்தத் தொகையைக் கழித்துத்தான் விலை பேசணும்.

யோசிக்க வேண்டியது: கீறல் விழுந்த பிஸ்டன், சிலிண்டர். கிட் மாற்றலாம்தான், ஆனால் ஆயிரக்கணக்கில் போகும். மெஷின் விலை, ரிப்பேர் செலவு இரண்டையும் கூட்டினால் புதுசு விலையில் பாதியைத் தாண்டுகிறதா? அப்படியானால் புதுசே மேல்.

கிளம்ப வேண்டியது: செயின் பிரேக் இல்லை, உடைந்திருக்கிறது, அல்லது "அது எதுக்கு தம்பி, தொந்தரவுன்னு கழட்டிட்டோம்" என்கிறார்கள். பிளவுபட்ட கைப்பிடி, பெட்ரோல் கசியும் டேங்க், வேலை செய்யாத ஸ்டாப் ஸ்விட்ச் இருந்தாலும் அதே பதில்தான்.

இவ்வளவு கறார் ஏன்? பார் முனையின் மேல் பாதி ஏதாவது ஒன்றில் பட்டால், ஓடுகிற செயின் அதைக் கடித்து, மொத்த மெஷினையும் மேல்நோக்கி, உங்கள் முகத்தை நோக்கித் தூக்கி எறியும். இதற்குப் பெயர் கிக்பேக். நடப்பது நொடியின் ஒரு சின்னப் பகுதியில். மனிதனின் மூளை அதற்குள் எதுவும் செய்ய முடியாது. மணிக்கட்டு அந்தத் தடுப்பில் மோதியோ, மெஷின் தூக்கிய வேகத்திலோ பிரேக் தானாக விழுவது ஒன்றுதான் பாதுகாப்பு. கம்ப்ரஷன் குறைந்த மெஷின் மெதுவாக வெட்டும், அவ்வளவுதான். பிரேக் இல்லாத மெஷினுக்கு அந்த 'அவ்வளவுதான்' கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு: பெட்ரோல்தான் பெரிய எதிரி

பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பல செயின்சா மாடல்களின் மேனுவல் 10 சதவீதம் எத்தனால் வரை என்றே சொல்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் டியூபையும் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். சென்னை மாதிரி ஈரப்பதம் உள்ள ஊரில், டேங்கில் பெட்ரோலை விட்டுவிட்டு அடுத்த மழைக்காலத்தில் எடுத்தால் ஸ்டார்ட் ஆகாததில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு வழி எளிது. அன்றைய வேலைக்குத் தேவையான அளவு மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வையுங்கள்.

கலவை அளவு மேனுவலிலோ டேங்க் மூடி அருகிலோ இருக்கும். 50:1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில். 25:1 என்றால் 40 மில்லி. 'ஜாசோ எஃப்டி' என்று போட்ட ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள். அளவுக்கு சிரிஞ்ச் நல்லது, குத்துமதிப்பு வேண்டாம். செயின் ஆயில் டேங்கில், பைக்கிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை ஊற்றுவதும் வேண்டாம். அதிலிருக்கும் துகள்கள் பம்பைத் தேய்த்துவிடும்.

செயின் மழுங்கினால் என்ன செய்வது?

மரத்தூள் மாவு மாதிரி வந்தால் செயின் மழுங்கிவிட்டது, சீவல் மாதிரி வந்தால் கூர் இருக்கிறது. இதைவிட எளிய டெஸ்ட் இல்லை.

இன்றைய செயின் பல்லின் வடிவம் 1940களில் வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரத்தொழிலாளி, மரத்தைக் குடையும் புழு ஒன்று இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துக்கொண்டு போவதைக் கவனித்து, அதேபோல செயினில் இடப் பல், வலப் பல் என்று மாற்றி அமைத்தார். அதனால்தான் தீட்டும்போது இரண்டு பக்கமும் சமமாக அரத்தை ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் அதிகம் தீட்டினால் மெஷின் வளைந்து வெட்டும்.

உருண்டை அரம் வேண்டும். சின்ன மெஷின்களில் வரும் 3/8 லோ ப்ரோஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர், 0.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். புது செயின் வாங்கப் போகும்போது "14 இன்ச் செயின் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் தவறானது வரும். பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றையும் சொல்லணும். உதாரணமாக, 3/8 லோ ப்ரோஃபைல், 1.3 மில்லிமீட்டர், 50 லிங்க். பெரும்பாலும் பாரிலேயே பொறித்திருக்கும், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மரங்களில் ஒரு கூடுதல் ஆபத்து ஆணி. டியூஷன் போர்டு, 'வீடு வாடகைக்கு' தகடு, சீரியல் லைட், எல்லாவற்றுக்கும் மரத்தில் ஆணி அடித்திருப்பார்கள். பட்டை மூடிக்கொண்டிருக்கும், வெளியே தெரியாது. ஒரு ஆணி போதும், செயின் வீணாக. கிளைகளுக்குள் பின்னிக் கிடக்கும் கேபிள் ஒயர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் சேர்க்க மறக்கும் செலவு

ஹெல்மெட், முகத்துக்கு வலை மறைப்பு, காதுக்கு மஃப், கையுறை, தடித்த பூட்ஸ், செயினைச் சிக்க வைத்து நிறுத்தும் நார் வைத்த கால் கவசம். பெட்ரோல் செயின்சாவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காது மஃப் ஆடம்பரம் அல்ல. லுங்கி, ஹவாய் செருப்போடு மெஷினைத் தூக்கக் கூடாது. ஏணி மேல் நின்றோ, தோளுக்கு மேலே தூக்கியோ, தனியாக யாரும் இல்லாதபோதோ வெட்டக் கூடாது. சாய்ந்து, பாதி மாட்டிக்கொண்டு நிற்கும் மரம் எப்போது எந்தப் பக்கம் விடுபடும் என்று சொல்ல முடியாது. அதைத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

வாங்குவதற்குச் சரியான நேரம் ஜூலை, ஆகஸ்ட். நிதானமாக நாலு மெஷின் பார்க்கலாம், மப்ளரைக் கழற்றச் சொல்லலாம், வேண்டாம் என்று திரும்பி வரலாம். அக்டோபர் மழைக்குள் ஒருமுறை காய்ந்த கொப்பில் ஓட்டிப் பழகியும் விடலாம். புயலுக்கு மறுநாள், கேட்டுக்குக் குறுக்கே மரம் கிடக்கும்போது, பிரேக் இருக்கிறதா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றாது.